படம் போட்ட காடு

சாமான்களையெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. விடிந்தால் லாரி வந்துவிடும். கட்டாமல் மிஞ்சியது ஒரு நாற்காலியும், அதில் உட்கார்ந்து கானகத்தைப் பற்றிய படம் போட்ட பழைய புத்தகத்தில் மூழ்கிப்போயிருந்த கணவரும்தான்.

"என்னங்க, கேட் கிட்ட வந்து நிக்கறாங்க. ஒரு நிமிஷம் வாங்களேன்" என்றாள் மனைவி.

"நல்ல கட்டத்துல இருக்கேன். தொந்தரவு பண்ணாதே."

"குடும்பத்தோட வந்திருக்காங்க. நாளைக்கு நாம இருக்க மாட்டோம்."

"தினம் வர்றவங்கதானே?"

"தினம் வர்றாங்க. மூணு வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"எட்டிப் பார்க்க இங்க என்ன இருக்கு? முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. ஒரே இரைச்சல், படிக்க முடியல."

சாத்தினாள். 'இந்த இடத்துல மனுஷன் இருப்பானா?' என்று மாற்றல் கேட்டு நடையாய் நடந்தவர், அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இந்தப் படத்தைப் பாரேன்!" என்று புத்தகத்தை நீட்டினார். "பனிமூட்டம், ஓடை, குட்டியோட மான் கூட்டம். என்னமா வரைஞ்சிருக்கான்!"

படத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். வனத்துறைக் குடியிருப்பின் கேட்டுக்கு அப்பால், பனிமூட்டத்தில், இரைந்து ஓடும் ஓடைக்கரையில், குட்டியோடு வந்த மான் கூட்டம் இன்னும் போகாமல் நின்றிருந்தது.

கணவர் பெருமூச்சு விட்டார்.

"இப்படி ஒரு இடத்துல நாலு நாள் இருக்கறதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும். நமக்கு எங்க!"