கழற்றாத ஹெல்மெட்

"யாரு லா இங்க டீச்சர்?"

சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் உலு திராம் ஊரின் பொது மண்டபத்துக்குள் மகேஸ்வரன் புயலாக நுழைந்தார். வந்த கோபத்தில் தலையில் இருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளே ஒரே கூச்சல். நாலு மணிக்குக் கண்காட்சி. பதினேழு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் ஏணியிலும் மேசையிலும் ஏறி நின்று தாங்கள் வரைந்த படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். "என் சவப்பெட்டிக்கு மஞ்சள்தான் அழகு" என்று ஒருத்தி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஒரு துணியில் பெரிதாக எழுதியிருந்தது: 'சாவைப் பத்திப் பேசலாம், வாங்க!'

"நான்தாண்ணே, கிறிஸ்டின். உக்காருங்க, ஹெல்மெட்டக் கழட்டிட்டு..."

"ஹெல்மெட் இருக்கட்டும்! எம்மக ரூபினி இங்க பூ, மரம்னு வரையிறான்னு நெனச்சா, சாவை வரையிறாளாம்! பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம்.முக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. இப்பப் போய் இழவுப் பேச்சு தேவையா?"

"வீட்டுல யாரும் பேசவிடறதில்லண்ணே. வாயால சொல்ல முடியாதத இங்க வரையிறாங்க. அப்புறம் பேசறாங்க, அழுவுறாங்க. பாருங்க, சிரிக்கவும் செய்றாங்க."

"பிஞ்சு மனசு தாங்குமா? எதுவா இருந்தாலும் பரீட்சை முடியற வரைக்கும் மறைக்கிறதுதான் பெத்தவங்க கடமை. அவ நிம்மதியாப் படிக்கணும்னுதான் தெனமும் காலைல நாலரைக்கே மோட்டார் ஏறி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்!"

சத்தம் போடுகிறவர் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏணியை விட்டு இறங்கினார்கள்.

"எங்க அவ?"

"ஆணி வாங்கப் போயிருக்கா."

"அவ படம் எது?"

டீச்சரின் கண் தானாக மூலைக்குப் போனது. அங்கே ஒரு படம், மாட்டாமல், துணியால் மூடியிருந்தது. மகேஸ்வரன் விடுவாரா?

"அண்ணே, அத மட்டும் தொடாதீங்க!"

துணியை உருவிவிட்டார்.

மருத்துவமனை நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் கையில் மருந்து ஏறும் குழாய். மடியில் ஹெல்மெட். தலையில் ஒரு முடிகூட இல்லை. பெரிய மூக்கு. சந்தேகமே இல்லை, மகேஸ்வரன்தான்.

கீழே ரூபினியின் கையெழுத்து:

'சிங்கப்பூர் தேசிய தினத்துக்கு அங்க லீவு. எங்க தாமான் குடியிருப்புல அங்க வேலைக்குப் போற எல்லா மோட்டாரும் வீட்டுலதான் நின்னுச்சு. அப்பா மட்டும் மறந்துபோய் வேலைக்குக் கிளம்பினார். அப்பவே எனக்குச் சந்தேகம். அவர்கூட வேலை செஞ்ச வேலு மாமாகிட்ட விடாமக் கேட்டேன். அப்பா வேலைய விட்டு அஞ்சு மாசமாச்சாம். புற்றுநோயாம். கோயில் வேண்டுதல்னு அவர் சொன்ன மொட்டையும் அதனாலதானாம். டீச்சர், இந்தப் படத்த இப்ப மாட்டாதீங்க. பரீட்சை முடியட்டும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அப்பா மனசு தாங்காது.'

"டீச்சர், ஆணி கெடச்சிருச்சு!" என்று துள்ளிக்கொண்டு ஓடிவந்த ரூபினி, அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மகேஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றினார். படத்தில் இருந்த அதே மொட்டைத் தலை.

"அலமாக்! அப்பா மூக்கு இவ்ளோ பெருசாம்மா?" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "சரி, அந்த ஆணியக் கொண்டா. நானே மாட்டறேன்."