கொள்ளாத பெட்டி

"அண்ணே, இந்தப் பெட்டி சரியில்ல. எடுத்துக்கிட்டுக் காசைத் திருப்பிக் குடுத்துடுங்க."

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி நிமிர்ந்தார். வாசற்படியில் ஒரு அம்மாள். அவள் பக்கத்தில் நீலநிறச் சக்கரப் பெட்டி. பின்னால், இரண்டு கைகளிலும் துணிமூட்டைகளோடு அவள் கணவர்.

முதலாளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பையும் பெட்டியும் விற்கும் அந்தக் கடையில் முதலாளி, விற்பனையாளர், தூசி தட்டுபவர் எல்லாம் அவரே. வியாபாரம் முடிகிற வரைக்கும் வந்தவரின் முகத்தைப் பார்த்தே அவர் மாமியாரின் குணம்வரை சொல்லிவிடுவார். பணம் கல்லாவுக்குள் போனதும் அந்த முகம் சுத்தமாக மறந்துவிடும். இந்த அம்மாளின் முகமும் நினைவில் இல்லை. ஆகவே நம் கடையில் வாங்கியவளேதான் என்று முடிவு செய்துகொண்டார்.

"பெட்டிக்கு என்னம்மா குறை? சக்கரம் ஓடலையா?"

"அது குதிரை மாதிரி ஓடுது."

"ஜிப்பு சிக்குதா?"

"வழுக்கிக்கிட்டுப் போகுது."

"அப்புறம் என்ன?"

"சாமான் கொள்ளல. ஊருக்குக் கிளம்பிக்கிட்டிருக்கோம். நானும் இவரும் மாறி மாறி அடுக்கிப் பாத்துட்டோம். பாதி உள்ள, பாதி மூட்டையில."

பில்லைக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். பில் எங்கே என்று கேட்டால், பில் இருந்தால் வாங்கிக்கொள்வேன் என்று அர்த்தமாகிவிடும். அவருடைய அப்பா காலத்திலிருந்து விற்ற சரக்கு அந்தக் கடைப்படி ஏறித் திரும்பியதில்லை. இன்று ஒன்றை வாங்கிப் போட்டால், நாளைக்குத் தெருவே பழைய பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

"தப்பு பெட்டி மேல இல்லம்மா. அடுக்கின கை மேல. இது ஒரு குடும்பத்தையே முழுங்கற பெட்டி."

"சும்மா சொல்லாதீங்கண்ணே. இவர் இன்ஜினீயர். இவராலேயே முடியல."

இன்ஜினீயர் அடக்கமாகத் தலையாட்டினார்.

"எல்லாத்தையும் உள்ள வெச்சு நான் மூடிக் காட்டினா?"

"மறுபேச்சு பேசாம பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடறோம்."

"வார்த்தை மாறக் கூடாது."

"மாறினா ஏன்னு கேளுங்க."

முதலாளி சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினார்.

"ஏன் சார், சட்டையெல்லாம் இப்படி விரிச்சு வெச்சிருக்கீங்களே, அது மேல படுத்துத் தூங்கப் போறீங்களா? சுருட்டணும் சார், சுருட்டணும்!"

சுருட்டினார். காலுறைகளை உருட்டி ஷூவுக்குள் திணித்தார். பெல்ட்டை ஓரமாக வளைத்து ஓடவிட்டார். கனமானதெல்லாம் சக்கரப் பக்கம் போனது. கம்பளிச் சட்டையை மார்போடு அணைத்துக் காற்றைப் பிழிந்தார். வீட்டுக்காரியைக்கூட அவர் அவ்வளவு ஆசையாக அணைத்ததில்லை.

"இந்த இஸ்திரிப் பெட்டி போகாதுண்ணே. அது எனக்கே தெரியுது, விட்டுடுங்க."

"போகாதுன்னு யாரு சொன்னது?" ஷூக்களுக்கு நடுவில் இஸ்திரிப் பெட்டி போய் உட்கார்ந்தது.

"அப்ப இந்தத் தலையணை?"

"ஊருக்குத் தலையணையா?"

"இது இல்லாட்டி இவருக்குத் தூக்கம் வராது. முடியலேன்னா பரவாயில்ல, பெட்டியை நீங்களே..."

"குடுங்கம்மா அதை!"

நடுவில் ஒருவர் வந்து ஆணியில் தொங்கிய தோள்பையின் விலையைக் கேட்டார். "நாளைக்கு வாங்க சார், கை வேலையா இருக்கேன்" என்று அவரை அனுப்பிவிட்டார் முதலாளி. வாங்க வந்தவரை விரட்டிவிட்டு, வாங்க வராதவர்களுக்காக வியர்த்துக்கொண்டிருப்பது அந்த வேகத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

கடைசியாகப் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்தார். டாக்டர் குறைக்கச் சொன்ன எடை முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. ஜிப் முனகிக்கொண்டே ஊர்ந்துபோய், மூலை திரும்பி, மூடிக்கொண்டது. தரையில் ஒரு கைக்குட்டைகூட மிச்சமில்லை.

"இப்ப சொல்லுங்க, பெட்டி சரியில்லையா?"

"உங்க கையே கைதாண்ணே! ஒத்துக்கறோம்."

ஒத்துக்கொண்டவர்கள் மனம் மாறிவிடக் கூடாதே என்று, விற்பனைக்கு வைத்திருந்த பட்டை ஒன்றை எடுத்து இலவசமாகப் பெட்டியைச் சுற்றி இறுக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானே தூக்கிப்போய் அவர்களுடைய டாக்சியிலும் ஏற்றினார். அப்பா இருந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார் என்று நினைத்தபோது மார்பு நிமிர்ந்தது. வெற்றி பெற்றவர் சும்மா இருப்பாரா? டாக்சி ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"எங்கிட்ட வாங்கினதால பிழைச்சீங்க. வேற எவனா இருந்தாலும் பெட்டியையும் திருப்பி எடுத்திருக்க மாட்டான், இப்படி அடுக்கியும் குடுத்திருக்க மாட்டான்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணே" என்றாள் அந்த அம்மாள், நிஜமான நன்றியோடு. "இதை எதிர்க்கடையிலதான் வாங்கினோம். கொள்ளலேன்னு சொன்னதுமே அவர் காசை எடுத்து நீட்டிட்டார். கிளம்பற நேரத்துல காசை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது, எங்களுக்கு அடுக்கித் தர ஒரு ஆள்தான் வேணும்னு சொன்னோம். 'அப்ப நேரா எதிர்த்தாப்ல போய், அவர்கிட்டயே வாங்கினதாச் சொல்லித் திருப்பிக் குடுங்க, மீதியை அவரே பாத்துப்பார்'னு அனுப்பி வெச்சார்!"