கத்தரிக்கோல் வியாழன்

அஜின்கோர்ட் தையல்கடைக்குள் நுழைந்ததும் றெமிஜியஸ் குளிர்ச்சட்டையைத் திறந்துவிட்டான். உள்ளே சிவப்புக் கழுத்துப்பட்டி தொங்கியது.

அன்ரனெற் ஒரு சாரி பிளவுசின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

கோடையிலிருந்து அவள் தங்கச்சி வீட்டில். அவன் பிக்கரிங் வீட்டில், தனியே.

மகளின் நிச்சயதார்த்தத்தில் வந்த வினை. அத்தனை சனத்துக்கும் முன்னால், இவளை ஜேர்மனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று அவன் பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விடிந்ததும் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரச்சொல்லி மகளிடம் சொல்லியனுப்பினான். நேரிலும் போனான். தேத்தண்ணி கொடுத்தாள், கதை கொடுக்கவில்லை. அவன் பூசைக்குப் போவதையும் விட்டுவிட்டான்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவனுக்கு இந்தக் கழுத்துப்பட்டிதான் கைவசம் இருந்தது.

அவர்கள் முதலில் சந்தித்தது ஜேர்மனியில், ரைன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வியாழக்கிழமை அங்கே பெண்களின் ராச்சியம். வேஷம் கட்டி, கத்தரிக்கோலோடு தெருவில் இறங்கி, அகப்படுகிற ஆண்களின் கழுத்துப்பட்டியை வெட்டுவார்கள். வெட்டினவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கவேண்டும். அதுதான் முறை.

அகதி விசாரணைக்கென்று யாரோ கொடுத்த கழுத்துப்பட்டியோடு போன இளம் றெமிஜியசுக்கு அது தெரியாது. பெண்கள் வளைத்துக்கொண்டதும், அடிக்கத்தான் வருகிறார்கள் என்று கைகளைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். பேக்கரியிலிருந்து மா படிந்த கையோடு ஓடிவந்து, பயப்படாதேங்கோ என்று தமிழில் சொன்னவள் அன்ரனெற்.

அடுத்த வருடம் மலிவாக ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு, அவனாகவே பேக்கரி வாசலில் போய் நின்றான். கலியாணம் கட்டி, கனடா வந்த பிறகும், வருடந்தவறாமல் குசினியில் அந்த வெட்டு விழுந்தது.

இப்போது, இந்த வியாழக்கிழமை, அவள் மேசைக்கு முன்னால் நின்றான். பிளவுஸ் எடுக்க வந்த பெண்ணொருத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இஞ்சரும், வெட்டுமன்," என்றான்.

அன்ரனெற் எழும்பினாள். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். கழுத்துப்பட்டியின் நுனியைப் பிடித்து இழுத்து, ஒரே வெட்டு.

பிறகு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், எட்டி அவன் கன்னத்தில் முத்தமிட்டாள்.

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் அவனுடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டாள். கையை எடுக்கவில்லை.

"தவக்காலம் நேற்றே தொடங்கிட்டுதப்பா," என்றாள் மெதுவாக. "போன வியாழன் முழுக்க நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்."