தூளிக்கு ஒரு நடுவர்

"குழந்தைக்குப் பசிக்குதுன்னு யாரு முடிவு பண்றது? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றார் பண்ணையார் சிங்காரவேலு.

தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை மூன்றாவது மணி நேரமாக நடந்துகொண்டிருந்தது. கூலி நெல் எத்தனை படி என்பது கால் மணியில் முடிந்துவிட்டது. இப்போது தகராறு, பிறந்து முப்பத்தெட்டே நாளான, நெல்லும் தின்னாத, ஓட்டும் போடாத ஒரு பெண் குழந்தையைப் பற்றி. சிங்காரவேலுவின் வயலுக்கு நடவுக்கு வரும் அம்சத்தின் குழந்தை அது.

"பெத்தவளுக்குத் தெரியாதாங்க?" என்றார் சங்கத் தலைவர் மருதையன்.

"பெத்தவளைக் கேட்டா நாள் முழுக்கப் பசிக்குதும்பா. ஒருத்தி கரையேறினா பத்துப் பேரு நிமிருவாளுங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். கடிகாரம் நான் தர்றேன்."

"போன வாரம் உங்க கடிகாரப்படிதாங்க பால் குடுத்தேன்" என்றாள் அம்சம், தரையைப் பார்த்தபடி. "கத்திக் கத்திக் களைச்சு, குடிக்கத் தெம்பில்லாமத் தூங்கிடுச்சு. புள்ள இளைச்சிருச்சுங்க. இப்படியே போனா நான் வேலைக்கு வரதை நிறுத்தணும். நிறுத்திட்டா நான் என்னத்தைத் திங்கறது, அதுக்குப் பால் எங்கேருந்து வரும்?"

வருவாய்த் துறை விதிகளில் தாய்ப்பாலுக்கு இடமில்லாததால், தாசில்தார் நடுவர் ஒருவரை வைக்கச் சொன்னார். குழந்தைக்குப் பசித்தால் நடுவர் துண்டை வீசுவார். வீசினால்தான் அம்சம் கரையேறலாம். ஒரு நாள் சோதனை. பொழுது சாய்வதற்குள் நாலு மா நிலமும் நட்டு முடிந்தால் அந்த ஏற்பாடே நிலைக்கும். முடியாவிட்டால் கடிகாரம்.

துண்டின் நிறத்துக்கு இன்னும் அரை மணி போயிற்று. சிவப்பு பண்ணையாருக்கு ஆகவில்லை. கறுப்புச் சிவப்பு மருதையனுக்கு ஆகவில்லை. மூவர்ணம் என்றதும், ஆட்சி மாறியது நினைவுக்கு வந்து தாசில்தார் இருமினார். வெள்ளை என்று முடிவாயிற்று.

நடுவரை சிங்காரவேலுவே சொன்னார். "வலங்கைமான் துரைக்கண்ணு. வாணக்காரர். நிலமும் கிடையாது, குத்தகையும் கிடையாது. எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் அவரு வெடிதான்."

மருதையன் யோசித்தார். சங்க ஊர்வலத்துக்கும் அவர் வெடிதான். ஆளைப் பார்த்ததில்லை, சத்தத்தைக் கேட்டிருக்கிறார். இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?

"ஒரே ஒரு நிபந்தனை. நடுவர்கிட்ட ரெண்டு தரப்பும் வாயைத் திறக்கக் கூடாது. மனசைக் கலைச்சிடுவாங்க. சொல்ல வேண்டியதை நானே விளக்கமாச் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்" என்றார் சிங்காரவேலு.

"நியாயந்தான்" என்றார் மருதையன். பண்ணையார் இவ்வளவு நியாயமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை வரப்போரப் பூவரச மரத்தில் தூளி தொங்கியது. துரைக்கண்ணு எதிரே குந்தியிருந்தார். ஒரு கை தூளியின் விளிம்பை விரித்துப் பிடித்திருந்தது. மறு கையில் துண்டு. சிங்காரவேலு குடையோடு வரப்பில் நின்றார். நடவெல்லாம் முடிந்துவிட்டது போல அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. துண்டு பறந்தது.

"ஏ அம்சம், துண்டு!" என்று கூவினாள் பொன்னுத்தாய்.

சிங்காரவேலுவின் குடை சாய்ந்தது. "இரு, இரு! குழந்தை அழவே இல்லையே! எப்படி வீசறாரு?"

"'பசிச்சா'ன்னுதாங்க எழுதியிருக்கு. 'அழுதா'ன்னு இல்லையே" என்றார் மருதையன்.

அம்சம் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். கத்திக் களைக்காத குழந்தை, வாயை வைத்ததும் கவ்விக்கொண்டது. பத்தே நிமிஷத்தில் இறுக மூடியிருந்த கை விரிந்து, தூங்கிவிட்டது. மற்றவர்கள் நிமிர்ந்து வேடிக்கை பார்க்க நேரமே இருக்கவில்லை.

இது என்ன மாயம் என்று பார்க்க சிங்காரவேலு மரத்தடிக்கே போனார். இரண்டு முறை கனைத்தார். துரைக்கண்ணு திரும்பவில்லை, கடமையில் அவ்வளவு கவனம். தூளிக்குள் குழந்தை உதட்டைச் சப்பியது. தலையைத் திருப்பித் துணியில் எதையோ தேடியது. பிறகு முஷ்டி மெல்ல வாயை நோக்கிப் போயிற்று. அது போய்ச் சேர்வதற்குள் துண்டு பறந்துவிட்டது.

"ஐயா கடிகாரம் ஓடுதா, நின்னுடுச்சா?" என்று பொன்னுத்தாய் சேற்றிலிருந்து கேட்டாள். பத்துப் பேரும் சிரித்தார்கள், நிமிராமலே.

அன்றைக்கு ஏழு முறை துண்டு பறந்தது. குழந்தை ஒரு முறைகூட அழவில்லை. மேற்கே வெயில் மிச்சமிருக்கும்போதே நாலு மாவும் நட்டு முடிந்தது. அம்சம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பேசக் கூடாது என்ற நிபந்தனையை மதித்து, நடுவரைப் பார்த்து ஒரு கும்பிடு மட்டும் போட்டாள்.

"சமர்த்துக் குட்டிங்க!" என்று துரைக்கண்ணு சிங்காரவேலுவிடம் உரக்கச் சொன்னார். வெடித் தொழில், எதையும் உரக்கத்தான் சொல்வார். "எங்க வீட்டுலயும் மூணு. எல்லாத்தையும் நான்தான் பார்த்துக்கிட்டேன். ஒண்ணுகூட அழுது நான் கேட்டதில்லீங்க!"

சிங்காரவேலு வீட்டுக்கு வந்ததும் மனைவி அகிலாண்டம் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"துரைக்கண்ணு ஏழு தடவை கூப்பிட்டாராமே? வெடி விபத்துல ரெண்டு காதும் போயி பதினஞ்சு வருஷமாச்சு, பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காதுன்னுதானே வண்டி வச்சுக் கூட்டிட்டு வந்தீங்க?"

"அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார் சிங்காரவேலு. "காது கேட்டிருந்தா, நம்மளை மாதிரி அழட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருப்பான்."