கையில் இருந்த டிராகன்

போன் திரையில் டிராகன் சீட்டின் மேல் வைத்த விரலை மருமகன் மெல்ல நகர்த்தி, பக்கத்தில் இருந்த தவளையின் மேல் வைத்தான்.

டிராகனைப் போட்டால் ஆட்டம் முடிந்தது. எதிர் சோபாவில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமனாரின் ஞாயிற்றுக்கிழமையும் முடிந்தது.

தவளையைப் போட்டால் தோற்கலாம். கௌரவமாக.

தோற்பதில் அவன் கைதேர்ந்தவன். பேருந்து நிறுவனத்தில் புகார்ப் பிரிவு வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை "நீங்க சொல்றது சரிதாங்க" என்று சொல்வதற்குத்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதையே சம்பளமில்லாமல், போனில், சீட்டாகப் போட்டுச் சொன்னான்.

எடுத்த எடுப்பில் தோற்றுவிடக் கூடாது. ஆள் கண்டுபிடித்துவிடுவார். முதலில் நாலு அடி பலமாக அடித்து, மாமனாரின் உயிர்ப்புள்ளியை இருபதிலிருந்து ஏழு எட்டுக்கு இறக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். அதற்குப் பிறகு நல்ல சீட்டே வராதவன் போலப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சரிய வேண்டும். செத்துப் பிழைத்து ஜெயித்தால்தான் ருசி அதிகம்.

ஒன்றரை வருடமாக இப்படித்தான். கல்யாணத்தன்று அவன் அம்மா காதில் ஓதியிருந்தாள், விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்று. டிராகனை மனதில் வைத்து அவள் சொல்லவில்லை. இருந்தாலும் தாய் சொல்லைத் தட்டக் கூடாது.

அந்த விளையாட்டில் வாரத்துக்கு ஒரு விசேஷ விதி உண்டு. ஒரு வாரம் மந்திரச் சீட்டு செல்லாது. ஒரு வாரம் மெதுவான மிருகம்தான் முதலில் அடிக்கும். அந்த வாரம் மட்டும் மாமியார் வந்து எட்டிப் பார்த்து, "உங்க மாமாவுக்குன்னே போட்ட விதி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டம் தொடங்கும்போது விதி ஐந்து நொடி திரையில் நிற்கும். மாமனார் உதடு அசைய, ஒரு எழுத்து விடாமல் படிப்பார். மருமகன் பார்க்காமலே தட்டித் தள்ளிவிடுவான். தோற்கப்போகிறவனுக்கு விதி எதற்கு?

மாமனார் இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலையை விட்ட கதையை நாலு முறை சொல்லியிருக்கிறார்.

கடைசி வருடம் அவருக்குக் கை கொஞ்சம் நடுங்க ஆரம்பித்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்க ஓட்டிக்கொண்டிருக்க, அவருடைய கிரேனுக்கு மட்டும் வேலை பூப்போல நடந்தது. எடை காட்டும் மீட்டர் ரிப்பேர் என்று அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஒருநாள் அதைக் கிழித்துப் பார்த்தார். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. அவர் தூக்கிக்கொண்டிருந்ததெல்லாம் காலிப் பெட்டி.

"சத்தம் போடல மாப்பிள்ளை. சாவியை மேஜை மேல வெச்சேன். வந்துட்டேன்."

நாலு முறையும் மருமகன், "சூப்பர் மாமா" என்றான். புகார்ப் பிரிவுக் குரலில்.

இப்போது மாமனாரின் புள்ளி ஏழு. எல்லாம் திட்டப்படிதான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற காவல்காரனை எடுத்து ஓரத்தில் வைத்தார். கதவைத் திறந்து வைத்து, வாசலில் கோலம் போட்டு, வா என்று அழைப்பது போல ராஜா தனியாக நின்றது.

இத்தனை நாளில் அவர் ஆடியதிலேயே மட்டமான ஆட்டம் அதுதான். பாவம், வயதாகிறது என்று மருமகன் நினைத்துக்கொண்டான்.

மாமனார் டேப்லெட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையில வேற ஒண்ணுமே இல்லையா மாப்பிள்ளை?"

"எங்க மாமா! எல்லாம் தவளையும் தேரையும்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மருமகன் பெருமூச்சு விட்டு, தவளையைப் போட்டான்.

மூன்றே சுற்றில் மாமனார் ஜெயித்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் தொடையைத் தட்டி, "இன்னைக்கும் உன் மாப்பிள்ளைக்குச் சங்குதான்!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். மருமகன் அசட்டுச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். எழுந்தார். டேப்லெட்டைச் சத்தம் வராமல் மேஜை மேல் வைத்தார்.

"கண்ணு வலிக்குது. இனிமே வேண்டாம் மாப்பிள்ளை."

கோபமில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது.

தயாராக வைத்திருந்த சிரிப்பு மருமகனின் முகத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. போனைப் பார்த்தான். நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று திரையில் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் வழக்கமாக ஏதோ இருக்கும். இன்றைக்குத்தான் அவன் அதைப் படித்தான்.

'இந்த வார விதி: உயிர்ப்புள்ளி பத்துக்குக் கீழே இறங்கியவருக்கு, எதிராளியின் கையில் உள்ள சீட்டுகள் எல்லாம் தெரியும்.'

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

திரையின் அடியில் 'மீண்டும் ஆடலாமா?' என்று ஒரு பொத்தான் துடித்துக்கொண்டிருந்தது. அவன் அழுத்தினான். விரலை எடுக்காமல், கெட்டியாக அழுத்தினான்.

எதிராளி வெளியேறிவிட்டார் என்றது போன்.