விசாலாட்சியின் லாகின்

“அந்த அட்ரஸை மட்டும் காட்டிடு தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

விசாலாட்சி குரலை உயர்த்திக் கேட்டதும் பாலகுமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லம்பா லைன் பகுதியில் இருந்த அந்தப் பெண்கள் உதவி மையத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. அவளோ பத்து வருடமாக அங்கே கிளார்க். தங்க வரும் பெண்களின் சாப்பாடு, மருந்து லிஸ்ட் போடுவது அவள் வேலை. நேற்று புருஷன் அடி தாங்காமல் ஓடி வந்த வைஜெயந்தி, அவளுடைய சொந்த மருமகள்.

அடித்த மகாராசன், விசாலாட்சியின் மகன் ஈஸ்வரன், ஜன்னலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு உள்ளேயே பார்த்தபடி இருந்தான்.

“முடியாதுக்கா. உங்க லாகின்ல பேரு, வயசு, மருந்து எல்லாம் வரும். எங்க தங்க வெச்சிருக்காங்கங்கிற அட்ரஸ் மட்டும் வராது. நேத்தே நம்ம சென்டர் மேடம் பூட்டச் சொல்லிட்டாங்க.”

“மொத்த லிஸ்ட்டையும் திறந்தா?”

“எரர்தான் வரும்.”

அவளே தட்டிப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

“பிரிண்ட் எடுத்தா?”

“அதுலயும் வராது.”

“அப்போ உன் லாகின்ல திறயேன்!”

“என் வேலை போறது இருக்கட்டும். அந்தப் பொண்ணு உசிரு போயிடும்க்கா.”

விசாலாட்சி பொலபொலவென்று அழுதாள். பாலகுமாருக்கு மனசு இளகத்தான் பார்த்தது. பிள்ளைப் பாசம் இப்படியா கண்ணை மறைக்கும் என்று எரிச்சலும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முடியாது என்று தலையாட்டினான்.

“க்யா ஹுவாம்மா? கிடைச்சுதா இல்லியா?” ஈஸ்வரன் வெளியிலிருந்து கத்தினான்.

“லாக் கர் தியாடா! பூட்டிட்டாங்க, எனக்குக் காட்டவே மாட்டேங்குது. நீயே கேட்டே இல்ல?”

அவன் கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டு, பைக்கை உதைத்துக் கிளப்பி ஃபீனிக்ஸ் பே பக்கம் பறந்தான்.

பைக் சத்தம் அடங்கும்வரை விசாலாட்சி அசையவில்லை. பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“அப்பாடா! பக்காவா பூட்டியிருக்கே தம்பி. நல்லா இருப்பே.”

பாலகுமார் திருதிருவென்று விழித்தான்.

“அவன் கையை ஓங்கினா நான் எல்லாத்தையும் சொல்லிடுவேன். அதான், அந்த அட்ரஸ் என் கண்ணுலயே படக்கூடாதுன்னு நேத்து மேடம்கிட்ட நானே எழுதிக் கொடுத்தேன்.”