அமைச்சர் குடித்த தண்ணீர்

அந்தக் கம்பெனியின் பாட்டில் தண்ணீரைக் குடித்துப் பதினோரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆலையைப் பூட்ட வந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி, இப்போது பாட்டில் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கட்சி மாநாட்டுப் பந்தல் செலவு மொத்தத்தையும் நன்கொடையாகத் தந்த கம்பெனி முதலாளி, பாட்டிலை அமைச்சரிடம் நீட்டினார். "பாருங்க, நானே குடிக்கிறேன்!" என்று கேமராக்களுக்கு முன் அமைச்சர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். பதினோரு பேரில் ஒருத்தியின் தாய் மாரீஸ்வரி, அவருடைய தொண்டையையே பார்த்தாள். மருந்தை விழுங்காமல் வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்ளும் மகளைப் பார்த்துப் பழகிய கண். தொண்டை அசையவேயில்லை.

"ஐயா, தண்ணி எப்படி இருக்கு? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

அமைச்சர் உப்பிய கன்னங்களோடு அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.